10,000 ரூபாய்க்குள் முதல் கிட்டார்: காசு கழுத்துக்குப் போகட்டும்

தம்பி கேட்டிருப்பது இதுதான். மதுரையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. இதுவரை கிட்டாரைத் தொட்டதில்லை. பாடிக்கொண்டே வாசிக்க ஆசை. ஆன்லைனில் பை, ஸ்ட்ராப், பிக், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. கடையில் வெறும் கிட்டாருக்கே 9,000 சொல்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நடுவில் இருக்கும் 5,500 ரூபாய் எங்கே போகிறது?

பெரும்பகுதி கழுத்துக்குப் போகிறது. நெக் என்று சொல்கிறோமே, இடது கை பிடிக்கும் அந்த நீள மரம். அதன் நேர்மை, அதன் மேல் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் மட்டம், அது உடலோடு சேரும் கோணம். பளபளப்பான பாலிஷையும் கறுப்பு வண்ணத்தையும் குறைந்த செலவில் கொண்டுவந்துவிடலாம். நேரான கழுத்தைக் குறைந்த செலவில் கொண்டுவருவது கஷ்டம். அதனால்தான் படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, கையில் எடுத்தால் வேறாக இருக்கின்றன.

நான் திருச்சியில் 18 வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவது மாதத்தில் வகுப்பை விட்டு நின்றுபோன பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். காது இல்லாமல், தாளம் இல்லாமல் நின்றவர்கள் ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலானவர்களின் கிட்டாரில் கம்பி ஃப்ரெட்டிலிருந்து அரை விரல் உயரத்தில் நின்றது. அதை அழுத்தி அழுத்தி விரல் கன்றிப்போய், "எனக்கு இது வராது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதை நானே அனுபவித்திருக்கிறேன். என் முதல் கிட்டார் 1,800 ரூபாய். இரண்டு மாதம் முயன்றும் சி கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க, சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) முழுதாக ஒலிக்கவில்லை. மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒரு அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். கம்பிகளைத் தளர்த்தி, உடலின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையில் இருந்த வெள்ளைப் பட்டையை உருவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயந்திரமே சி கார்டு வந்தது. என் விரலில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதனால் குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன்: சத்தம், மரம், பிராண்ட் எல்லாவற்றையும் இரண்டாவதாக வையுங்கள். இடது கைக்கு எது சுலபமோ அதை வாங்குங்கள்.

கழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்? ஆறு ஸ்டீல் கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றியதும் அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்த மெல்லிய மரத்தைப் பிடித்துத் தொங்குவது மாதிரி. மரம் மெல்ல முன்பக்கம் வளையும், கம்பி உயரும். இதைத் தடுக்கத்தான் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். 1920களில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தேடியஸ் மக்ஹ்யூ, திருகிச் சரிசெய்யக்கூடிய தண்டைக் கொண்டுவந்தார். இன்று ஸ்டீல் கம்பி போடும் எந்தக் கிட்டாருக்கும் இது வேண்டும். மிக மலிவானவற்றில் சிலவற்றில் தண்டே இருக்காது; சிலவற்றில் இருக்கும், திருகினால் கழுத்து அசையாது. விற்பனைப் பக்கத்தில் "ட்ரஸ் ராட் உண்டு" என்ற ஒரு வரி இல்லையென்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

சரி, கடைக்குப் போனால் எப்படிச் சோதிப்பது? வாசிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நான் சொல்லப்போகும் எதற்கும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கடைக்காரரிடம் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பியோடு பார்த்தால் எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டுகளை எடுங்கள். எழுத்து புடைக்காத கார்டு ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். தலைப்பக்கத்திலிருந்து எண்ணி 12-வது ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கும் அதன் மேலே போகும் தடித்த கம்பிக்கும் இடையில் கார்டுகளை அடுக்கிச் செருகுங்கள். கம்பியைத் தூக்காமல் மூன்று கார்டு இதமாக நுழைந்தால் உயரம் 2.3 மில்லிமீட்டர், புதுக் கிட்டாருக்கு இது அருமை. நான்கு நுழைந்தால் 3 மில்லிமீட்டர். செட்டப் செய்தால், அதாவது கம்பி உயரத்தை இறக்கித் தரச் சொன்னால், சரியாகிவிடும். ஐந்து கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று பெட்டிகளைப் பிரித்துக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த கிட்டார்களுக்குள்ளும் வித்தியாசம் இருக்கும்.

அடுத்து, தச்சர் ரீப்பரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்ப்பாரே, அப்படி தலைப்பக்கத்திலிருந்து கழுத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் நேர்க்கோடாக ஓட வேண்டும். ஒரு ஓரம் மேலேயும் இன்னொன்று கீழேயும் போனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கலைத் தண்டைத் திருகிச் சரிசெய்ய முடியாது. வளைவு மட்டும் என்றால் முடியும். வளைவை அளக்க, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று போகும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளி துளியும் இல்லாமல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் கழுத்து நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. இதை ட்ரஸ் ராடைத் திருகி மாற்றலாம். கடையிலேயே செய்து தரக் கேளுங்கள்.

கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் குத்தக் கூடாது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு தட்டு. மொத்தம் நூற்றுக்கும் மேல் தட்டு, ஐந்து நிமிடம் ஆகும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கே ஒரு ஃப்ரெட் மட்டமில்லாமல் எழும்பி நிற்கிறது. கடைக்காரர் முகத்தைப் பார்த்து இதைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகச் சுருதிச் சோதனை. கிட்டாரில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் வெட்டிய பட்டை) ஸேடில் வரை (பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைப் பட்டை) உள்ள கம்பியின் சரிபாதியில் 12-வது ஃப்ரெட் இருக்கிறது. அங்கே அழுத்தினால் திறந்த கம்பியின் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். கைப்பேசியில் இலவச ட்யூனர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, திறந்த கம்பியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, 12-வதில் அழுத்தித் தட்டிப் பாருங்கள். ஒரு அரைஸ்வரத்தை 100 சென்ட் என்று பிரித்து ஆப் காட்டும். 5 சென்ட் ஏறி இறங்கினால் பரவாயில்லை. மூன்று நான்கு கம்பிகளில் 15, 20 சென்ட் தள்ளிக் காட்டினால் கவனியுங்கள். துருப்பிடித்த கம்பியாலும், உயரம் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகலாம். அந்த இரண்டும் இல்லாமல் இப்படிக் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் பிரிட்ஜையே இடம் தவறி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கிட்டாரில் நீங்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சுருதி சேராது. நம் ஊரில் காதுக்குச் சுருதி பழகியவர்கள் அதிகம், பாடுகிறவருக்கு இது உடனே உறுத்தும்.

இப்போது உங்கள் பட்ஜெட்டுக்கு வருகிறேன். 10,000 முழுவதையும் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். 1,500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அது செட்டப்புக்கும் கம்பிக்கும். இந்த விலையில் வரும் கிட்டார்கள் தொழிற்சாலையிலிருந்து கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தே வருகின்றன. ஏற்றுமதியின்போது ஈரப்பதம் மாறி எங்கேயும் கரகரக்கக் கூடாது என்ற பாதுகாப்புக்காக அப்படிச் செய்கிறார்கள். உங்கள் கைக்கு ஏற்றபடி இறக்கித் தருவதுதான் செட்டப். ஊருக்கு ஊர் மாறினாலும் பெரும்பாலும் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸேடில் என்னும் அந்த வெள்ளைப் பட்டையைத் தேய்ப்பார்கள். 12-வது ஃப்ரெட் பாதி வழியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க ஸேடிலில் 2 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். அதனால் கடையிலேயே ஸேடில் பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். கம்பியும் உயரமாக இருந்து, ஸேடிலும் ஏற்கெனவே அடியோடு தேய்ந்திருந்தால் இறக்க வழியே இல்லை. பழைய கிட்டார் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

தலைப்பக்கம் நட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த கம்பியை 3-வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் தட்டிப் பார்த்தால், மயிரிழை இடைவெளி போதும். அங்கே பள்ளம் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால் எஃப் கார்டு பிடிக்கவே முடியாது. எஃப் கார்டில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தவிக்கும் பலருக்கு அது நட்டின் பிரச்சினை என்பது தெரிவதில்லை.

கம்பி விஷயம் சுருக்கமாக. பெரும்பாலும் 12 கேஜ் கம்பியோடு கிட்டார் வரும், அதாவது மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம். முதல் ஆறு மாதத்துக்கு 10 அல்லது 11 கேஜ் போடச் சொல்லுங்கள். இழுவிசை குறையும், விரலுக்கு இதமாக இருக்கும். சத்தம் கொஞ்சம் மெலியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எந்த மாடல்? உங்கள் தொகையில் நான் அதிகம் கையில் எடுத்துப் பார்த்து, மாணவர்களுக்கு நிம்மதியாகச் சொல்வது யமஹாவின் எஃப் 280, எஃப் 310 இரண்டும்தான். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். எஃப் 310 சில சமயம் 10,000-ஐத் தாண்டிவிடும், அப்போது எஃப் 280 போதும். இரண்டிலும் பெரிய அலங்காரம் இல்லை. ஆனால் பத்தை எடுத்தால் பத்தின் கழுத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். எஃப் 310-இல் நட்டிலிருந்து ஸேடில் வரை 634 மில்லிமீட்டர். வழக்கமான பெரிய கிட்டார்களில் 645, 650 என்று இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசம் ஃப்ரெட்டுகளை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக்குகிறது, இழுவிசையையும் குறைக்கிறது. கோர்ட் ஏடி 810-உம் நல்ல கிட்டார், தள்ளுபடியில் உங்கள் தொகைக்குள் வந்தால் தயங்காமல் பாருங்கள். 6,000 ரூபாய்க்குக் கீழே வரும் உள்நாட்டு பிராண்டுகளிலும் நன்றாக அமைந்த கிட்டார்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு அதிகம். மேலே சொன்ன சோதனைகளைக் கையில் வைத்துச் செய்ய முடிந்தால் மட்டும் வாங்குங்கள், படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்.

"சாலிட் டாப் வாங்கு" என்று நண்பர்கள் சொல்வார்கள். மேற்பலகை ஒரே மரத்துண்டாக இருப்பது சாலிட். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்வது லேமினேட். சாலிட் மரம் சத்தத்தில் உயர்ந்ததுதான், வயதாக ஆகச் சத்தம் இன்னும் விரியும் என்பார்கள். யமஹாவில் எஃப்ஜி 800-இலிருந்து அது கிடைக்கிறது, ஆனால் உங்கள் தொகை போதாது. 10,000-க்குள் "சாலிட் டாப்" என்று வந்தால், அந்தக் காசை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கழுத்திலிருந்து எடுத்திருப்பார்கள். தவிர, லேமினேட் பலகை நம் வெயிலையும் மழையையும் பொறுமையாகத் தாங்கும். முதல் கிட்டாருக்கு அதுவே பொருத்தம்.

மரம் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கிட்டார் பட்டியல்களில் "இந்தியன் ரோஸ்வுட்" என்று பெருமையாகப் போடுகிறார்களே, அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்திதான், ஈட்டி என்றும் சொல்வோம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி தன் கிட்டார்களுக்கு இந்த மரத்துக்கு மாறியது. உலகத்தின் எத்தனையோ உயர்ந்த கிட்டார்களின் முதுகில் நம் மலை மரம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம். 2017-இல் ரோஸ்வுட் வகை முழுவதன் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். இடையில் பல கம்பெனிகள் ஃப்ரெட்போர்டுக்கு (ஃப்ரெட்டுகளைப் பதிக்கும் பலகை) வால்நட் போன்ற வேறு மரங்களுக்குப் போய்விட்டன. எனவே "ரோஸ்வுட் இல்லை" என்பதற்காக மட்டும் ஒரு கிட்டாரை ஒதுக்காதீர்கள்.

உருவம். கடையில் தொங்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை டிரெட்நாட் வடிவம். 1916-இல் பாஸ்டனின் டிட்சன் கடைக்காக மார்ட்டின் செய்து கொடுத்த பெரிய உடல் கிட்டாருக்கு, அந்தக் காலத்து ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். பாட்டுக்குப் பின்னால் ஸ்ட்ரம் செய்ய, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருட, இந்தப் பெரிய உடலின் அடித்தொனி நன்றாக இருக்கும். ஆனால் உட்கார்ந்து வலது கையை மேலே போட்டுப் பாருங்கள். தோள் தூக்கிக்கொண்டால் அது உங்களுக்குப் பெரியது. அப்போது கான்சர்ட் என்ற சின்ன உடல் வடிவத்தைக் கேளுங்கள்.

சில விஷயங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரில் சொருகும் பிக்கப் வேண்டாம். இந்த விலையில் அது வந்தால் கிட்டாரின் தரம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும், பின்னால் தேவைப்பட்டால் தனியாகப் பொருத்திக்கொள்ளலாம். ஓரத்தை வெட்டிய கட்அவே அழகாக இருக்கும், ஆனால் அது உதவும் ஃப்ரெட்டுகளுக்கு நீங்கள் போக நாளாகும். காம்போவில் வரும் பை மெல்லிய துணி, கம்பி வாரத்தில் துருப்பிடிக்கும். அந்த இலவசங்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மையானது, ஆனால் கழுத்து அகலம், ஸ்ட்ரம் செய்து பாட அவ்வளவு எடுப்பாக இருக்காது. தப்பித் தவறி அதில் ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். பிரிட்ஜைப் பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பழையதாக வாங்கலாமா? தாராளமாக. மூன்று மாதம் பழகிவிட்டு அலமாரி மேல் தூக்கிப் போட்ட நல்ல கிட்டார்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. புது விலையில் பாதிக்கு ஒரு எஃப் 310 கிடைத்தால், மீதிக் காசில் சில மாத வகுப்புக்கே கட்டணம் கட்டிவிடலாம். முன்சொன்ன சோதனைகளோடு இரண்டை மட்டும் கூடுதலாகப் பாருங்கள். பிரிட்ஜின் பின்னோரத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் அடியில் நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு ஒரு எச்சரிக்கை, குறிப்பாக மதுரை வெயிலுக்கு. மூடி நிறுத்திய காருக்குள்ளோ, மொட்டைமாடி அறையின் ஓட்டுக்கு அடியிலோ, வெயில் விழும் ஜன்னல் பக்கத்திலோ கிட்டாரை வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பிவிடும், கழுத்து வளையும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்து வைத்தால் கம்பியின் ஆயுள் கூடும்.

ஆக உங்கள் கணக்கு இப்படி வரும்: கிட்டாருக்கு 8,500 வரை, செட்டப்புக்கு 800, நல்ல கம்பி ஒரு செட் 500 சொச்சம், இரண்டு பிக். கேப்போவை (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம். சென்னைக்கு வரும் வேலை இருந்தால், அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடையில் வெவ்வேறு விலையில் நாலைந்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். வாங்காவிட்டாலும், நல்ல கழுத்து எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

செட்டப் செய்ய ஆள் எங்கே கிடைப்பார் என்று அடுத்துக் கேட்பீர்கள். பக்கத்தில் இருக்கும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு கிட்டார் வாசிப்பவரிடம் போய்க் கேளுங்கள். எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை, அன்போடு சொல்வார்கள். நம் ஊர்களில் கிட்டாரை வாரம் தவறாமல் வாசித்து, தாங்களே கம்பி மாற்றி, ஸேடில் தேய்த்துப் பழகியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். முடிந்தால் அவரையே கடைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை நான்கு கிட்டார்களில் ஒரே பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பெயர்ப்பலகை தெரியாதபடி திரும்பி நின்று கேளுங்கள். காதுக்குப் பிடித்த இரண்டை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஏடிஎம் கார்டை வெளியே எடுங்கள்.